கரண்டிக்கு வந்த சீர்வரிசை

ஜனவரி 5, திங்கள்

வேலை கிடைத்துவிட்டது. எழுதும்போதே கை துள்ளுகிறது, எழுத்து கோணிக்கொண்டு போகிறது. போகட்டும்.

நானும் ஹாரூனும் கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்கள். கோயமுத்தூரில் டிசைன் ஸ்டூடியோ ஆரம்பித்து மூன்று வருடமாகப் பேக்கரிக்குப் பெயர்ப்பலகையும் பல் டாக்டருக்கு வரவேற்பு மேஜையும் செய்துகொண்டிருந்தோம். நான் ஆசைப்பட்டுப் படித்தது வேறு. நாளைக்கு நடக்கக்கூடிய ஒன்றை இன்றைக்கே ஒரு பொருளாகச் செய்து, எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி வைத்துவிடுவது. பார்ப்பவர் சிரிப்பார், அப்புறம் கொஞ்சம் யோசிப்பார். அந்த வேலையைக் கேட்டு இதுவரை ஒருவரும் வந்ததில்லை. இன்று வந்தார்கள். பாத்திரக் கம்பெனி முதலாளி துளசிமணி அம்மா பிப்ரவரி தொழிற்கண்காட்சியில் அரங்கு போடுகிறார். "வருங்காலம் மாதிரி இருக்கோணும்" என்பதுதான் அவர் சொன்ன ஒரே நிபந்தனை.

அம்மாவுக்குப் பாளையங்கோட்டைக்கு போன் போட்டுச் சொன்னேன். "ஏ பிரிசி, இல்லாத சாமானுக்கு எவம்ட்டி துட்டு குடுப்பான்?" என்றாள். குடுக்கிறார்கள் அம்மா. குடுக்கப் போகிறார்கள்.

ஜனவரி 7, புதன்

தொழிற்சாலையைப் பார்த்துவிட்டு வந்தோம். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. உள்ளே ஜிலுஜிலு. ஒரு திரையின் முன்னால் நின்று நமக்கு என்ன மாதிரி கரண்டி வேண்டும் என்று பேசினால் போதும். ஏஐ அதைக் கேட்டு வரைந்து, ரோபோ கைகளுக்குச் சொல்லி, எவர்சில்வரில் செய்து தந்துவிடும். அங்கே எல்லோரும் அதற்கு "மூளை" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். "மூளை இன்னைக்கு சுறுசுறுப்பா இருக்குதுங்க" என்கிறார் வாட்ச்மேன்.

"சாம்பார் ஊத்துறப்ப விளிம்புல சொட்டாத கரண்டி" என்றேன். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கரண்டி வந்தது. இன்னும் வெதுவெதுப்பாக இருந்தது. உலகத்தில் எனக்காக மட்டும் செய்த கரண்டி. பையில் போடாமல் பஸ்ஸில் கையிலேயே பிடித்துக்கொண்டு வந்தேன். ஹாரூன் இரண்டு இருக்கை தள்ளிப் போய் உட்கார்ந்துகொண்டான்.

சுற்றிக் காட்டியவர் அங்கே இன்ஜினியர். முப்பத்து மூன்று வயது இருக்கும். தாத்தா பெயரை வைத்துவிட்டார்களாம், நஞ்சப்பன். பெயரைச் சொல்லும்போது மட்டும் குரலைத் தாழ்த்துகிறார். "பின்பக்கம் பாக்கலாமா?" என்று கேட்டேன். "அங்க ஒண்ணுமில்லைங்க, சூடுதான்" என்றார்.

நல்ல உயரம். அரங்கில் மேல் தட்டில் எதையாவது மாட்ட உதவும் என்பதற்காகக் குறித்து வைக்கிறேன்.

ஜனவரி 9, வெள்ளி

வந்துவிட்டது. யோசனை வந்துவிட்டது.

அவினாசி சாலையில் கல்யாண மண்டபம் ஒன்றின் வாசலில் பஸ் நின்றுவிட்டது. சீர்வரிசை போய்க்கொண்டிருந்தது. பட்டுப் புடவைக்காரிகள் தட்டுத் தட்டாகத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். பழம், பாத்திரம், பலகாரம், கடைசியில் ஒரு பீரோவையே நாலு பேர் சுமந்தார்கள். கண்டக்டர் எரிச்சலில் இருந்தார். நான் ஜன்னலில் தலையை விட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

ஒரு கரண்டி நம் வீட்டுக்கு வருகிறது. தனியாகவா வரவேண்டும்? அதுவும் சீரோடு வரட்டும். 2040-ல் அப்படி ஒரு சட்டம் வந்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். எந்தப் பொருளும் தன்னைச் செய்யச் செலவானதை எல்லாம் கூட்டிக்கொண்டுதான் வாசல் ஏறவேண்டும். மூளை செய்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று தள்ளிய கரண்டிகள் முப்பது. அது யோசித்த சூட்டை ஆற்றிய தண்ணீர் ஒரு டிரம். கரண்ட்டுக்காக எரிந்த நிலக்கரியின் சாம்பல் ஒரு கூடை. எல்லாம் தட்டில், மேளத்தோடு. முழுவதையும் வீட்டுக்கு எடுத்துப் போகவேண்டும். முடியாது என்றால் கரண்டியைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

முப்பது என்பது நானாக வைத்தது. மூன்று என்றால் சிரிப்பு வராது.

ஹாரூன் கேட்டுவிட்டு ஸ்டூலிலிருந்து எழுந்து அறையை ஒரு சுற்று சுற்றிவந்தான். அவனுக்குப் பிடித்தால் அப்படித்தான்.

ஜனவரி 12, திங்கள்

துளசிமணி அம்மாவிடம் படங்களைக் காட்டினோம். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைக் கண்ணாடி, நடக்கும்போதே பேசி முடித்துவிடுவார். "நம்ம கரண்டிக்குச் சீரா?" என்று கேட்டவர் முகம் மலர்ந்துவிட்டது. "தட்டுல என்ன கண்ணு வெப்பே?"

"இதச் செய்யறதுக்கு என்னென்ன போச்சோ அதெல்லாம் மேடம்."

"நல்லது. நாம எவ்வளவு போட்டுச் செய்யறோம்னு சனங்களுக்குத் தெரியோணும். ஜமாப் மேளம் சொல்லிரு. சின்னதாப் பண்ணிராதே."

நான் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. வரும் வழியெல்லாம் ஹாரூன் என்னையே பார்த்துக்கொண்டு வந்தான். கண்ணில் தூசி ஏதாவது விழுந்திருக்கும்.

நஞ்சப்பனும் படங்களைப் பார்த்தார். எல்லோரும் சிரிக்கும் இடத்தில் சிரிக்கவில்லை.

"முப்பதுன்னு எப்படிங்க வெச்சீங்க?"

"காமெடிக்கு."

"சரிங்க" என்றார். படத்தை மடிக்காமல் பத்திரமாக உறையில் போட்டுத் தந்தார்.

ஜனவரி 13, செவ்வாய்

நஞ்சப்பன் ஸ்டூடியோவுக்கு வந்தார். அரங்கின் கதவு அளவு கேட்டார். அரங்குக்குக் கதவே கிடையாது என்றேன். டீ குடித்துவிட்டுப் போனார்.

ஜனவரி 16, வெள்ளி. மாட்டுப் பொங்கல்

காலையில் போன். "இன்னைக்கு ஆபீஸ் லீவுங்க. பின்பக்கம் பாக்கோணும்னு சொன்னீங்களே."

போனேன். லீவு மனிதர்களுக்குத்தான். மூளைக்குப் பொங்கல் கிடையாது. ரோபோ கைகள் ஆளில்லாத கூடத்தில் தட்டிக்கொண்டும் வளைத்துக்கொண்டும் இருந்தன. ஒரு கரண்டி செய்கிறது, கேமரா முன்னால் தண்ணீரை மொண்டு ஊற்றிப் பார்க்கிறது, ஒரு சொட்டு வழிந்தால் பின்னால் தள்ளிவிடுகிறது. அடுத்தது. அடுத்தது. பார்க்கப் பார்க்க எனக்குச் சிரிப்பு வந்தது, குழந்தை சாப்பாட்டைத் துப்புகிற மாதிரி இருந்தது. அப்புறம் தள்ளிவிட்டவை போய் விழும் இடத்தைப் பார்த்தேன்.

ஒரு ஷெட் நிறையக் கரண்டி. கூரையைத் தொடுகிறது. வெயில் பட்டுக் கண் கூசியது.

"உருக்கறதுக்கு லாரில போகுமுங்க. திரும்பத் தகடா வரும். திரும்பக் கரண்டி" என்றார் நஞ்சப்பன். சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே சொன்னார். "முப்பது இல்லைங்க. ஒரு கரண்டிக்கு இருநூறைத் தாண்டிருது. தண்ணியும் ஒரு டிரம் இல்லைங்க, எட்டு. சாம்பல் அரை மூட்டை வரும்னு கணக்குப் போட்டிருக்கறேன்."

என் கேலியைவிட இவர்களுடைய நிஜம் பெரியதாக இருக்கிறது. எனக்குக் கொஞ்சம் அவமானமாகக்கூட இருந்தது. மிகைப்படுத்துவதுதானே என் தொழில்.

மதில் சுவருக்கு அப்பால் வாய்க்கால். அதில் ஆவி பறக்கிறது. மூளையை ஆற்றிவிட்டு வரும் தண்ணீர். வாய்க்கால் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு பெண்கள் கம்பளி துவைத்துக்கொண்டிருந்தார்கள். பூங்கா நகர்க்காரர்கள். பூங்கா நகரில் பூங்கா கிடையாது, இப்போது போரில் தண்ணீரும் கிடையாது, கம்பெனி ஆழமாகப் போர் போட்ட பிறகு வற்றிவிட்டது. அவர்களில் ராஜாமணி அக்கா என்பவர் பெரிய கை. ஹாஸ்டல், லாட்ஜ் கம்பளிகளை மொத்தமாக எடுத்துத் துவைத்துக் கொடுக்கிறார். "வெந்நீர் சும்மா கெடைக்குது அம்மிணி. குடிக்கிற தண்ணிதான் லாரிக்காரன்கிட்ட வாங்கோணும்" என்று சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்கும் ஒரு கரும்புத் துண்டு கொடுத்தார். வாய்க்கால் வெந்நீரில் காலை விட்டுக்கொண்டு, கரும்பு கடித்துக்கொண்டு, நானும் நஞ்சப்பனும் உட்கார்ந்திருந்தோம். அவருக்குக் கரும்பு கடிக்கத் தெரியவில்லை. கோயமுத்தூர்க்காரருக்கு இது தெரியாமல் இருக்குமா? ஆராய வேண்டிய விஷயம்.

ஜனவரி 17, சனி

ஹாரூனோடு சண்டை.

அவன் சொல்வது: "முப்பதே இருக்கட்டும் பிரிசி. இது கற்பனைதானே. அந்தம்மாதான் நமக்குச் சோறு போடறாங்க."

நான் சொல்வது: நிஜம் தெரிந்த பிறகு குறைத்துக் காட்டினால் அது கற்பனை இல்லை, மறைப்பது.

அவன்: "அந்த மனுசன் வேலை போயிரும். அவர்தான் சொன்னார்னு யாருக்கும் புரியாதா?"

அவரையே கேட்டுவிடலாம் என்று நஞ்சப்பனுக்கு போன் செய்தேன். நிஜ அளவையே வைக்கச் சொன்னார். "அம்மா கேட்டா நானே சொல்லிக்கறனுங்க. இத்தன நாள் அவங்க கேக்கல, நானும் சொல்லல. அவ்வளவுதானுங்க."

ஒரு திறமையான இன்ஜினியர் வேலை இழந்தால் அது தொழில்துறைக்கு இழப்பு. அதற்காகத்தான் கவலை.

ஜனவரி 24, சனி

தட்டு தூக்க ஆள் கேட்டு ராஜாமணி அக்காவிடம் போனேன். என்ன தூக்கப் போகிறார்கள் என்பதையும் சொன்னேன். "எங்க வாய்க்கா தண்ணியத் தட்டுல வெச்சுத் தூக்கோணுமா?" என்று கேட்டு, சொல்லிச் சொல்லிச் சிரித்து, பக்கத்து வீடுகளையெல்லாம் கூப்பிட்டுச் சொல்லி, எல்லோரும் சிரித்து முடிக்கக் காலைப் பொழுது போய்விட்டது. பதினைந்து பேர் வருகிறார்கள். பட்டுப் புடவை அவரவருடையது. பூ நம் செலவு.

ஒத்திகையில் டிரம்முக்குச் சக்கரம் வைத்தோம். ஹாரூன் சண்டையை மறந்துவிட்டான். டிரம்முக்குச் சந்தனம் குங்குமம் வைக்கவேண்டும் என்பது அவன் யோசனைதான்.

நஞ்சப்பன் வேட்டி கட்டிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார். அரங்கின் அழகுக்கு நல்லது.

பிப்ரவரி 6, வெள்ளி

கண்காட்சி முதல் நாள். கால் வலிக்கிறது, தொண்டை கட்டிவிட்டது, தூக்கம் வரவில்லை.

முதலில் வந்தவர் மோட்டார் பம்பு வியாபாரி. "தயிர் மோரு ரெண்டுக்கும் ஆகற மாதிரி கரண்டி" என்றார். அரங்கில் வைத்திருந்த திரை வழியே மூளைக்குச் சொல்லி, தொழிற்சாலையிலிருந்து வந்த கரண்டியைப் பட்டுத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்தோம். வாங்கிப் பார்த்துத் தலையாட்டினார். அப்போது ஜமாப் இறங்கியது. அரங்கே அதிர்ந்தது. பக்கத்து அரங்குக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். ராஜாமணி அக்கா முன்னால், கையில் தட்டு, தட்டில் கோபுரம் மாதிரி கரண்டி. பின்னால் ஒவ்வொருவராகக் கரண்டி, கரண்டி, கரண்டி. அப்புறம் மாலை போட்ட டிரம்கள் ஆவியோடு உருண்டு வந்தன. கடைசியில் சாம்பல் மூட்டை, தலையில் பூச்சரம் சுற்றி.

"இதெல்லாம் என்னுங்க?" என்றார் அவர்.

"உங்க கரண்டியோட சீருங்க. வண்டி எங்க நிக்குதுன்னு சொன்னீங்கன்னா ஏத்திரலாம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அவரும் சிரித்துக்கொண்டே கரண்டியைத் தந்துவிட்டுப் போனார். போனவர் மச்சானைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்தார். ஒருவர் பேரம் பேசினார், பாதி சீரைக் குறைத்துக்கொள்ள முடியுமா என்று. ஒரு அம்மா டிரம்மில் கையை விட்டுப் பார்த்து, "குளிக்கறதுக்குச் சரியான சூடு" என்றார். மத்தியானத்துக்கு மேல் வரிசை வெளி வாசலைத் தாண்டிவிட்டது.

ஒரே ஒரு பெண்தான் சிரிக்காமல் கேட்டாள், கல்லூரி மாணவி போலிருந்தாள். "இது சும்மா நாடகமா, இல்ல நிஜமாவே இவ்வளவு ஆகுமா?"

நஞ்சப்பன் வேட்டியைச் சரி செய்துகொண்டு சொன்னார்: "சட்டம்தானுங்க கற்பனை. அளவு நிஜம்."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். மேளச் சத்தத்தில் இதயம் வேகமாக அடிப்பது இயல்பு.

பிப்ரவரி 7, சனி

துளசிமணி அம்மா வந்தார். தனியாக இல்லை, வெளியூரிலிருந்து வந்த வியாபாரிகள் நாலைந்து பேரோடு. அரங்கின் முன் கூட்டத்தைப் பார்த்ததும் முகத்தில் அப்படி ஒரு பெருமை. நேரே திரைக்குப் போய், "எனக்கு ரசத்துக்கு ஒரு கரண்டி" என்றார். கரண்டி வந்ததும் கையில் வாங்கினார்.

ஜமாப் இறங்கியது. நான் நிறுத்தச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

தட்டுகள் வர வர அவர் கைதட்டினார். நாலாவது தட்டு வரைக்கும் தட்டினார். அப்புறம் தட்டிலிருந்த கரண்டி ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார், காம்பின் அடியில் கம்பெனி முத்திரை. டிரம் வந்தது. ராஜாமணி அக்காவின் முகத்தைப் பார்த்தார். இருபது வருடமாக மதிலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருப்பவர்கள், அன்றைக்குத்தான் நேருக்கு நேர் நின்றார்கள் என்று நினைக்கிறேன். மேளக்காரர்களே எதையோ உணர்ந்து அடிப்பதை நிறுத்திவிட்டார்கள்.

"நஞ்சப்பா, இந்த ஒரு கரண்டிக்கா இத்தனையும்?"

"ஆமாங்கம்மா."

"கூட்டிச் சொல்லலையே?"

"கொறச்சுத்தானுங்கம்மா இருக்கும்."

வியாபாரிகள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். துளசிமணி அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். கரண்டியைத் திருப்பித் தருவார் என்று கையை நீட்டிக்கொண்டு நின்றேன். அவர் தரவில்லை.

"எல்லாத்தையும் ஏத்துங்க. வீட்டுக்கு" என்றார்.

டெம்போ பிடித்து ஏற்றினோம். எட்டு டிரம்மையும். அவர் கடைசி மூட்டை ஏறும்வரை நின்று பார்த்துவிட்டு, வியாபாரிகளைக் காபி சாப்பிடக் கூட்டிக்கொண்டு போனார்.

பிப்ரவரி 8, ஞாயிறு

சர்ச்சுக்குப் போனேன். பிரசங்கம் எதைப் பற்றி என்று நினைவில்லை. நஞ்சப்பன் போன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 10, செவ்வாய்

நஞ்சப்பன் காலையிலேயே ஸ்டூடியோ வாசலில் நிற்கிறார். சொல்லும்வரை தொழிற்சாலைக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்களாம். போன் கம்பெனியுடையது, அதையும் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அதனால்தான் எடுக்கவில்லை.

"மன்னிச்சிருங்க" என்றேன்.

"எதுக்குங்க? ஸ்கூல் லீவு விட்டாப்ல இருக்குது" என்றார். உண்மையாகவே அப்படித்தான் இருந்தார். ஹாரூனோடு சேர்ந்து பல் டாக்டர் வீட்டு அலமாரிக்கு மரம் இழைத்தார். மத்தியானம் மூன்று பேரும் சாலைக்கு எதிரே இருக்கிற கடையில் பரோட்டா தின்றோம். தலையில் மரத்தூளோடு அவர் சால்னாவுக்குக் கை நீட்டினார். வேலை போன மனிதனைப் பார்த்து ஒருத்தி இவ்வளவு சந்தோஷமாக இருக்கக்கூடாது. நான் இருந்தேன் என்று சொல்லவில்லை. பொதுவாகச் சொல்கிறேன்.

பிப்ரவரி 13, வெள்ளி

துளசிமணி அம்மா வீட்டுக்குக் கூப்பிட்டார். தனியாக வரச் சொன்னார்.

போர்ட்டிகோவில் எட்டு டிரம். கார் வெளியே தெருவில் நிற்கிறது. ஹாலில் சோபா, டீப்பாய், டிவி மேஜை, எங்கும் கரண்டி. அம்மா தரையில் உட்கார்ந்திருந்தார். எதிரே ஒரு பெரிய அண்டா நிறைய ரசம்.

"உக்காரு கண்ணு. இந்தா" என்று ஒரு கரண்டியைக் கொடுத்தார். "மொண்டு ஊத்து."

ஊற்றினேன்.

"இப்ப இது."

அதையும் ஊற்றினேன். மூன்றாவது, நாலாவது, பத்தாவது. கை வலித்தது. அம்மாவும் ஒரு பக்கம் ஊற்றிக்கொண்டே இருந்தார். வீடெல்லாம் மிளகு வாசம்.

"இதுல மூளை எனக்குன்னு பொறுக்கி எடுத்த கரண்டி எதுன்னு சொல்லு."

எனக்குத் தெரியவில்லை.

"எனக்கும் தெரியல. நாலு நாளா ஊத்திப் பாக்கறேன். பச்சப் புள்ளையிலிருந்து கரண்டி புடிக்கிறவ. சமையக்காரம்மாளுக்கும் தெரியல. எல்லாம் ஒரே மாதிரிதான் ஊத்துது. ஒருத்தருக்கும் தெரியாத வித்தியாசத்துக்கு இத்தனையும் போயிருக்குது." கரண்டியை அண்டாவில் போட்டார். பிறகு சட்டென்று, "இத என் மூஞ்சிக்கு நேரா ஏன் சொல்லல நீ?"

"சொல்லியிருந்தா அரங்கு குடுத்திருக்க மாட்டீங்க மேடம்."

"குடுத்திருக்க மாட்டேன். ஆனா நாலு பேருக்கு முன்னால என்னை நிக்க வெச்சுட்ட."

"ஆமா மேடம். அது தப்புதான்."

"தப்புதான்" என்றார் அவரும். அப்புறம் இரண்டு பேரும் அந்த ரசத்தைச் சாதத்தில் ஊற்றிச் சாப்பிட்டோம். நல்ல ரசம்.

இனிமேல் ஒவ்வொரு கரண்டிக்கும் மூளை புதிதாகச் செய்து பார்க்கப் போவதில்லை. தேறிய வடிவங்கள் நூறு இருக்கின்றனவாம், கேட்பவருக்கு அதில் ஒன்று. ஆற்றுகிற தண்ணீர் வெளியே போகாமல் உள்ளுக்குள்ளேயே சுற்றிவரக் குழாய் போடவேண்டும். "அதுக்கு அந்த நஞ்சப்பனை வரச்சொல்லு. போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்கறான்."

போனை நீங்கள்தானே வாங்கிக்கொண்டீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஆட்டோவில் ஏறியதும் சிரிக்க ஆரம்பித்தேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

மார்ச் 4, புதன்

ராஜாமணி அக்கா வந்தார். சிரிப்பில்லை. பின்னால் ஆறேழு பேர். தட்டு தூக்கிய அதே பெண்கள்.

"வாய்க்கா காஞ்சு போச்சு" என்றார். "தட்டு தூக்கச் சொன்னே, பட்டுக் கட்டித் தூக்குனோம். இப்ப எங்க வெந்நீர் எங்க அம்மிணி? லாட்ஜுக் கம்பளி வீட்ல மலையாட்டங் கெடக்குது. பச்சத் தண்ணியே லாரில வாங்கறோம், அத வெச்சுக் கம்பளி தொவைக்க முடியுமா?"

குழாய் வேலை நேற்று முடிந்திருக்கிறது. நானும் நஞ்சப்பனும் அதற்கு மைசூர்பா வாங்கித் தின்று கொண்டாடினோம். நேற்று என் மனதில் பூங்கா நகர் ஒரு நிமிடம்கூட வரவில்லை. வாய்க்கால் காய்ந்தால் அது வெற்றி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஹாரூன் டீ போட்டான். அவர்கள் டீயைக் குடித்தார்கள், கோபம் மட்டும் குறையவில்லை. கடைசியில், "எல்லாரும் சேந்து துளசிமணி அம்மாகிட்டப் போலாம்" என்றேன். "நீயும் வருவியா?" என்று ராஜாமணி அக்கா கேட்டார். "நாந்தான் முன்னால" என்றேன்.

மார்ச் 5, வியாழன்

போனோம். துளசிமணி அம்மா எங்களைப் பார்த்ததும், "இன்னைக்கு என்ன சீர்?" என்றார். ராஜாமணி அக்கா நேராகக் கேட்டுவிட்டார். "இருந்த போரு உங்களாலதான் வத்திப்போச்சு. மிச்சம் இருந்தது அந்த வெந்நீர். அதையும் உள்ளயே வெச்சுக்கிட்டீங்க."

அம்மா நஞ்சப்பனைக் கூப்பிட்டார். அவர் பென்சிலை எடுத்துச் சுவரிலேயே வரைந்து காட்டினார். தண்ணீர் உள்ளே சுற்றட்டும், சூடு மட்டும் வெளியே வரட்டும். மதிலை ஒட்டி ஒரு தொட்டி. மூளையின் சூட்டுக் குழாய் அந்தத் தொட்டிக்குள் நெளிந்து ஓடிவிட்டுத் திரும்பும். தொட்டித் தண்ணீர் கொதிக்கும்.

"தொட்டிக்குத் தண்ணி?" என்றார் ராஜாமணி அக்கா.

எல்லோரும் துளசிமணி அம்மாவைப் பார்த்தோம். "எங்க போரிலிருந்து ஒரு குழாய் வெளிய வெக்கறேன். தொவைக்கவும் குடிக்கவும். இப்ப பாதிகூட நாங்க எடுக்கறதில்லை" என்றார். பிறகு நஞ்சப்பனிடம், "செவுத்துல கிறுக்குனத நீயே வெள்ளையடிச்சுரு."

நஞ்சப்பன் மடமடவென்று சொன்னதைப் பார்த்தால் ஏற்கெனவே யோசித்து வைத்திருந்த மாதிரி இருந்தது. கேட்டேன். முந்தாநாள் மைசூர்பா தின்றுவிட்டு வீட்டுக்குப் போகும் வழியில் வாய்க்காலைப் பார்த்தாராம். தூக்கமே வரவில்லையாம். எனக்கு ஏன் போன் செய்யவில்லை என்று கோபித்துக்கொண்டேன். புது போன் வாங்கி என் எண்ணைத்தான் முதலில் போட்டாராம், அழைக்கத் தைரியம் வரவில்லையாம்.

முதலில் போட்ட எண். இதை இரண்டாவது முறை எழுதிப் பார்க்கிறேன். முதலில் போட்ட எண்.

மார்ச் 21, சனி

தொட்டி வெள்ளோட்டம். சூடு அதிகமாகிப் போட்ட கம்பளி குழந்தைத் துண்டு அளவுக்குச் சுருங்கிவிட்டது. ராஜாமணி அக்கா அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு லாட்ஜ்காரருக்கு என்ன சொல்வது என்றார். துளசிமணி அம்மா புதுக் கம்பளி வாங்கித் தந்தார். முனகிக்கொண்டேதான்.

ஏப்ரல் 3, வெள்ளி

பெரிய வெள்ளிக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். அம்மா ஏதோ ஒரு பையனின் போட்டோவைக் காட்டினாள், துபாயில் இருக்கிறானாம். பார்க்காமலே வேண்டாம் என்றேன். "பின்ன எவனட்டி மனசுல வச்சிருக்க?" என்றாள். "ஒருத்தரும் இல்ல" என்று சொல்லி முடிப்பதற்குள் போன் அடித்தது. திரையில் வந்த பெயரைப் படித்துவிட்டு அம்மா, "இது என்ன பேரு, நஞ்சப்பன்?" என்றாள். நல்ல பெயர் அம்மா என்றேன். குரல் தேவைக்கு மேல் சத்தமாக வந்துவிட்டது. அம்மா போட்டோவை எடுத்து உள்ளே வைத்துவிட்டாள்.

ஏப்ரல் 11, சனி

தொட்டிக்குக் கூரை போட்டாகிவிட்டது, இன்று முதல் முழு நாள் வேலை. பூங்கா நகர் போர் இன்னும் ஊறவில்லை. ஒரு நல்ல மழை பெய்தால்தான் சொல்லமுடியும் என்கிறார் நஞ்சப்பன். அதுவரை மதில் குழாய்தான். காலையிலிருந்து குடம் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தார்கள், லாரி வந்து நின்றுவிட்டு ஆளில்லாமல் போனது.

ராஜாமணி அக்கா என்னைச் சும்மா நிற்கவிடவில்லை. இரட்டைக் கம்பளி ஒன்றைத் தொட்டியிலிருந்து இழுத்து ஒரு நுனியை என் கையில் கொடுத்தார், இன்னொரு நுனியை நஞ்சப்பன் கையில். "பிழிங்க" என்று சொல்லிவிட்டு அடுத்ததை எடுக்கப் போய்விட்டார். ஈரக் கம்பளி என்ன கனம். புது வேட்டி நனையும் என்று அவர் தள்ளி நின்றார், நனைந்தது.

"உங்க அம்மாகிட்ட நான் பேசட்டுங்களா?" என்றார்.

"எதப் பத்தி?"

"நம்மளப் பத்திங்க."

முறுக்கினேன். பலமாக முறுக்கினேன். அவரும் முறுக்கினார். கம்பளி இரண்டு பேர் கையிலும் சுற்றிச் சுற்றிப் போகிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கவில்லை. ராஜாமணி அக்கா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "ரெண்டு பேரும் ஒரே பக்கம் சுத்துனா எப்படி இறங்கும்? அம்மிணி, நீ அந்தப் பக்கம் திருப்பு."

திருப்பினேன். தண்ணீர் வெதுவெதுவென்று எங்கள் நாலு காலிலும் கொட்டியது.

"பேசுங்க" என்றேன்.